அவள் திரும்புகிற அளவுக்கு ஒரு தொட்டி

வெகு காலத்துக்கு முன்பு, ஏழு ஊருக்கும் ஒரே ஏரி இருந்த ஒரு நாட்டில், நடந்தவை இந்த வரிசையில்தான் நடந்தன. கேட்பவர்களே, வரிசையை மாற்றிவிடாதீர்கள்.

முதலில், ஏரிக்கு வரும் ஆற்றுத் தண்ணீரை மதகடைத்து, தன் பூந்தோட்டத்துக்குத் திருப்பினான் அரசன். யாருக்காகத் தண்ணீர் விடுகிறார்களோ அவர் பெயரை ஏழூர்ச் சாட்சிகள் முன் மூன்று முறை வாசித்துத்தான் அந்த மதகைத் திறப்பது வழக்கம். அடைப்பதற்கு வழக்கம் ஒன்றும் இல்லை. அடைத்துவிட்டான்.

அடுத்து, கேட்கப் போனவர்களை வெயிலில் மண்டியிட வைத்தான்.

மூன்றாவதாக, மண்டியிடாமல் நின்று பேசிய ஒருத்தியின் மேல் தன் மந்திரவாதியை ஏவினான். அவன் ஒரு கை மஞ்சள் தண்ணீரைத் தெளித்தான். நின்றவள் தங்கமீனாகி மண்ணில் துடித்தாள்.

நான்காவதாக, அவள் பெயரைச் சொன்னால் சவுக்கடி என்று தண்டோரா போட்டான்.

அரண்மனைக் கதைசொல்லிகள் மீனிலிருந்து தொடங்குவார்கள். எவ்வளவு அழகான மீன், எப்படி மின்னியது என்பார்கள். அதற்கு முன்னால் நடந்ததை விட்டுவிடுவார்கள். நாம் விடக்கூடாது.

அவள் புருஷன் சடையாண்டி, ஏரியில் வலை வீசிப் பிழைத்தவன். துடித்த மீனை ஒரு சட்டித் தண்ணீரில் எடுத்துக்கொண்டு அரசன் முன் போய் நின்றான்.

"என் பெண்டாட்டியைத் திருப்பிக் கொடுங்க, மகாராஜா."

மந்திரவாதி சிரித்தான். "இருக்கும் இடம் எவ்வளவோ அவளும் அவ்வளவு. அதுதான் மந்திரம். ஏற்ற தொட்டியில் விட்டால் பெண்ணாகிவிடுவாள். அது எந்தத் தொட்டி என்று மீன்காரனே கண்டுபிடிக்கட்டும்."

அரசனுக்கு விளையாட்டு பிடித்துப்போயிற்று. "வருஷத்துக்கு ஒரு தொட்டி கேள். மூன்று முறை கேட்கலாம். எதைக் கேட்டாலும் நிறையத் தண்ணீர் ஊற்றித் தருவேன். சபை சாட்சி."

சடையாண்டிக்கு மீன் பிடிக்கத் தெரியும், வைத்திருக்கத் தெரியாது. தப்பிப் போகாத பாத்திரமாகப் பார்த்தே பழகியவன் அவன். அரண்மனை அலமாரியில் இருந்த கண்ணாடிக் குடுவையைக் கேட்டான். எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் அவள் தெரிந்தாள். உழக்குத் தண்ணீரில் அவள் திரும்பினாள், மூக்கு இடித்தது. மறுபடி திரும்பினாள், வால் இடித்தது. தண்ணீர் மாற்ற மாற்றக் கலங்கியது. ஒரு வருஷம் போனபோது அவள் பொன் நிறம் வெளுத்திருந்தது.

இரண்டாம் வருஷம் கல்யாணச் சமையல் அண்டாவைக் கேட்டான். கை விட்டால் அவள் விரலில் படுவாள் என்று நினைத்துக் கேட்டான். அண்டாவில் விட்டதும் அவளுக்குக் குரல் திரும்பிற்று.

"ஏரிக்குத் தண்ணி வந்துச்சா மாமா?" என்றாள் முதல் பேச்சாக.

"மீனா ஆனாலும் உனக்கு ஊர்ப்பேச்சுதானா புள்ள?"

"மீனுக்கு இல்லாத தண்ணிக் கவலை வேற யாருக்கு?"

அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. வெளியே வளர முடியாத உடம்பு உள்ளுக்குள் வளர்ந்து உயிரை நெரித்துக்கொண்டிருந்தது. முதுகு குடுவையைப் போலவே வளைந்துவிட்டது.

"மாமா, நீ என்னைப் பார்க்கிறதுக்குத் தொட்டி தேடுற. நான் திரும்பறதுக்குத் தேடு."

"எவ்வளவு பெருசு வேணும்?"

"நான் எங்க இருக்கேன்னு நீ தேடணும். அவ்வளவு பெருசு."

"தேடியும் கிடைக்கலேன்னா?"

"அப்ப அதுதான் சரியான அளவு."

அவன் அண்டாவின் விளிம்பிலிருந்து கையை எடுத்தான். பிறகு ஏழு ஊருக்கும் போய் ஒவ்வொரு வாசலிலும் இதைச் சொன்னான்.

மூன்றாம் வருஷம் சபைக்கு வந்தபோது அவன் பின்னால் ஏழூரும் வந்தது. யாரும் மண்டியிடவில்லை.

"பளிங்குத் தொட்டிதானே? தோட்டத்தில் கிடக்கிறது, தூக்கிக்கொண்டு போ" என்றான் அரசன்.

சடையாண்டி சாளரத்துக்கு வெளியே கையை நீட்டினான். "அது வேணும்."

"அது ஏரியடா."

"எதைக் கேட்டாலும் நிறையத் தண்ணீர் ஊற்றித் தருவேன்னீங்க. சபை சாட்சி."

மந்திரவாதி தரையைப் பார்த்தான். அரசன் சபையைப் பார்த்தான், சபைக்குப் பின்னால் நின்ற கூட்டத்தைப் பார்த்தான். கட்டியக்காரனைக் கூப்பிட்டு, மதகுக்குப் போகச் சொன்னான்.

வறண்டு வெடித்த ஏரியின் நடுவில், அண்டாத் தண்ணீரைக் கொட்டிய சிறு குழியில் அவளை விட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தான் சடையாண்டி. அவள் செவுள் மெதுவாக அசைந்தது. கரையில் ஏழூர்ச் சாட்சிகள் நின்றார்கள். தண்டோரா போட்டவனும் இந்தக் கட்டியக்காரன்தான். அவன் வாயாலேயே அந்தப் பெயரை வாசிக்க வேண்டியிருந்தது.

முதல் முறை வாசித்தான். மதகுப் பலகை அசைந்து, தண்ணீர் நுரைத்துக்கொண்டு வந்தது. குழி குளமாயிற்று, குளம் விரிந்தது. மீன் அதில் மறைந்தது. சடையாண்டி தேடினான். காணவில்லை. தேடுவதை நிறுத்திவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

இரண்டாம் முறை வாசித்தான். பலகை பாதி உயர்ந்தது. இடுப்பளவு தண்ணீரில் ஒரு பெண் எழுந்தாள். மந்திரம் உடைந்தது, வளைந்த முதுகு நிமிரவில்லை. அவன் ஓடிப்போய்த் தாங்கிக்கொண்டான்.

"ஏழூருக்கும் போகுமா மாமா?"

"போகும் புள்ள."

"கொஞ்சம் விடு. திரும்பிப் பார்க்கிறேன்."

விட்டான். அவள் தண்ணீருக்குள் மெல்ல ஒரு முழுச் சுற்று திரும்பினாள். எதுவும் இடிக்கவில்லை. முகம் மலர்ந்தது. அப்படியே அவன் தோளில் சாய்ந்தவள் பிறகு எழவில்லை.

கட்டியக்காரன் ஓலையைத் தாழ்த்தினான். "இனி யாருக்கு வாசிக்கிறது?"

"மூணு தடவை வாசிக்கிறதுதான் வழக்கம்" என்றான் சடையாண்டி. அவளைக் கையில் ஏந்தியிருந்தான். "வாசிங்க."

அந்த மதகு பிறகு அடைபட்டதே இல்லை. அடைக்க வருகிறவனும் அதே பெயரை மூன்று முறை வாசித்துத்தான் அடைக்க வேண்டும் என்று ஏழூர்க்காரர்கள் புது வழக்கம் வைத்தார்கள். எந்த அரசனுக்கும் வாய் வரவில்லை. ஏழு ஊரிலும் நெல் விளைந்தது.

ஆனால் அதெல்லாம் பிறகு. அன்று சாட்சிகள் தலைத்துண்டை எடுத்துவிட்டு நின்றார்கள். கட்டியக்காரன் ஓலையை உயர்த்தி, கடைசி ஊருக்கும் கேட்கிற குரலில் மூன்றாம் முறை வாசித்தான்:

"இந்தத் தண்ணீர், கோட்டூர்ச் செம்பாயி மகள் மருக்கொழுந்துக்கு."