விரலை எடுக்காத பல் டாக்டர்

தவறு இதுதான். தாமோதரன் பட்டனிலிருந்து விரலை எடுக்கவில்லை.

விஷயம் சின்னது. சின்னப் பயிற்சி விமானம். ஓட்டுகிறவர் கையில் ஒரு பிடி. பிடியின் தலையில் ஒரு பட்டன். அழுத்தினால் பேசலாம். விட்டால் கேட்கலாம். இரண்டும் சேர்ந்து நடக்காது. அழுத்திக்கொண்டே இருந்தால் நம் பேச்சு ஊருக்கெல்லாம் கேட்கும். ஊர் பேசுவது நமக்குக் கேட்காது.

தாமோதரன் பயத்தில் பிடியை இறுக்கினார். கட்டைவிரல் பட்டன்மேல் உட்கார்ந்துவிட்டது.

வயது நாற்பத்தாறு. பல் டாக்டர். வாயைப் பிளந்துகொண்டு கிடப்பவர்களோடு இருபது வருஷம் பேசியவர். பதில் வராத பேச்சு அவருக்குப் பழக்கம்தான். ஆனாலும் ஆயிரம் அடி உயரத்தில், முதல் தடவை தனியாகப் பறக்கும்போது, கொஞ்சம் பதில் வந்தால் தேவலை என்று யாருக்கும் தோன்றும்.

அவருடைய குரு செல்லக்கனி அப்போது விமானத்தளத்தின் கட்டுப்பாட்டு டவரில் நின்றிருந்தார். வயது முப்பத்தொன்று. பேச்சில் சிக்கனம்.

"பிடியை இறுக்காதீங்க" என்று முதல் நாள் சொன்னார். மறுபடி சொல்லவில்லை.

பதினைந்தாம் நாள், தாமோதரனின் உள்ளங்கையில் ஒரு பொரித்த அப்பளத்தை வைத்து, "இதையும் சேர்த்துப் பிடிங்க" என்றார்.

இறங்கும்போது விமானம் முழுக்க அப்பளத் தூள். அவரையே கூட்டிப் பெருக்க வைத்தார். வேறொன்றும் சொல்லவில்லை.

இப்போது டவர் ஸ்பீக்கரில் சிஷ்யர் குரல்.

"டவர்! காதுல விழுதா? ரன்வே பக்கமா வந்துட்டேன். இறங்கலாமா?"

இறங்கக் கூடாது. புல் வெட்டுகிற டிராக்டர் ரன்வேயைத் தாண்டும்போது நட்டநடுவில் நின்றுவிட்டது. டிரைவர் கீழே இறங்கி அதன் சக்கரத்தை உதைத்துக்கொண்டிருந்தார்.

டவரில் பணியில் இருந்த ஜெபராஜ் மைக்கைப் பிடித்துக் கத்தினார். "இறங்காதீங்க! இறங்காதீங்க!"

"ஏன் யாருமே பதில் சொல்ல மாட்டேங்கிறீங்க?"

"சொல்றேனே! சொல்லிட்டே இருக்கேனே!"

"கத்தாதீங்க" என்றார் செல்லக்கனி. "அவருக்குக் கேட்காது."

"அப்புறம் என்னதான் செய்யறது மேடம்?"

"அவர் விடற வரைக்கும் காத்திருக்கணும்."

"பல் டாக்டர் மேடம். விடவே மாட்டார்."

செல்லக்கனி அலமாரியிலிருந்து கைவிளக்கை எடுத்தார். ஜன்னலுக்குப் போனார். விமானத்தைப் பார்த்துச் சிவப்பைக் காட்டினார்.

சிவப்பு என்றால் இறங்காதே, சுற்று. பரீட்சையில் தாமோதரன் இதைச் சரியாக எழுதி, நூற்றுக்கு நூறு வாங்கியிருந்தார்.

ஸ்பீக்கர் சொன்னது: "அட, சிவப்பு லைட்டெல்லாம் போடறாங்க! முதல் தடவை தனியா வர்றேன்ல. கேக்கும் வெட்டுவாங்க போல."

ஜெபராஜ் மேஜைமேல் தலையைக் கவிழ்த்தார்.

"அந்தச் சிடுமூஞ்சியோட ஏற்பாடுதான். உள்ளுக்குள்ள பாசம் இருக்கு. ஆனா ஒரு வார்த்தை கூடப் பேசினா நாக்கு தேஞ்சிடுமா? வாயில பஞ்சை வச்சிருந்தாக்கூட எங்க பேஷண்டுங்க இதைவிட நிறையப் பேசுவாங்க."

ஜெபராஜ் சத்தத்தைக் குறைக்கக் கையை நீட்டினார்.

"இருக்கட்டும்" என்றார் செல்லக்கனி.

விளக்கை அவர் இறக்கவில்லை. தனியாகப் போகலாம் என்று காலையில் கையெழுத்துப் போட்டவர் அவர்தான்.

விமானம் ரன்வேயை நோக்கித் திரும்பியது.

"திரும்பிட்டேன். கண்ணுக்கு நேரா வெயில். எதிர்ல ஒண்ணுமே தெரியலை. மேடம், ஏதாவது சொல்லுங்க மேடம். திட்டவாவது செய்யுங்க."

செல்லக்கனியின் உதடு அசைந்தது. என்ன சொன்னார் என்று ஜெபராஜுக்கே கேட்கவில்லை.

"முருகா, பழனிக்கு வந்து மொட்டை போடறேன்!"

கொஞ்ச நேரம் என்ஜின் சத்தம் மட்டும்.

"சரி, மொட்டை உனக்கு நஷ்டம். இருக்கறதே பத்து முடி. காவடி எடுக்கறேன். நடந்தே வர்றேன். செருப்பில்லாம வர்றேன்."

"முந்நூறு அடி" என்று முனகினார் ஜெபராஜ்.

"முருகா! நீயாவது ஒரு வார்த்தை பேசு!"

ஸ்பீக்கர் சட்டென்று அடங்கியது. என்ஜின் சத்தம்கூட இல்லை.

"விட்டுட்டார்!" ஜெபராஜ் மைக்கின்மேல் பாய்ந்தார். "இறங்காதே! முழு வேகம் கொடு! மேலே ஏறு!"

பதில் மெல்ல வந்தது.

"முருகா... நீயா?"

"நான் ஜெபராஜ் சார்! டவர்லேருந்து! ரன்வேல டிராக்டர் நிக்குது! ஏறுங்க!"

ஏறினார். டிராக்டருக்கு மேலே ஒரு தென்னை உயரத்தில் விமானம் போயிற்று. டிரைவர் தலைத்துண்டைப் பிடித்துக்கொண்டு குப்புற விழுந்தார்.

அடுத்த சுற்றுக்குள் நாலு பேர் டிராக்டரைத் தள்ளிவிட்டார்கள். தாமோதரன் இறங்கினார். இரண்டு குதி குதித்து இறங்கினார். இறங்கினால் சரி.

டவருக்கு ஏறி வந்தார்.

"மேடம், அந்தச் சிடுமூஞ்சின்னு சொன்னது..."

"கேட்டேன்."

"எல்லாருக்குமா கேட்டுச்சு?"

"பக்கத்து ஊர் டவர்ல இருந்து போன் வந்துச்சு டாக்டர்" என்றார் ஜெபராஜ். "காவடி என்னிக்குன்னு கேக்கறாங்க."

செல்லக்கனி சிரிக்கவில்லை. "விரலை எப்படி எடுத்தீங்க?"

தாமோதரன் யோசித்தார். பிறகு இரண்டு உள்ளங்கைகளையும் நெஞ்சுக்கு நேரே சேர்த்துக் காட்டினார்.

"இப்படித்தான் மேடம். கும்பிட்டேன்."

"ரெண்டு கையுமா?"

"ரெண்டு கையும்."

"அப்ப விமானத்தை யார் பிடிச்சிருந்தா?"

தாமோதரன் வாயைத் திறந்தார். ரொம்ப நேரம் திறந்தபடியே இருந்தது.

"யாருமே பிடிக்கலை" என்றார் கடைசியில். "அது பாட்டுக்கு நேராப் போயிட்டிருந்துச்சு."

செல்லக்கனி தலையை மட்டும் ஆட்டினார்.

ஜெபராஜ் அறிக்கைப் படிவத்தை எடுத்து நிரப்பத் தொடங்கினார். கோளாறு: பட்டன் அழுந்தியே இருந்தது. நேரம்: ஆறு நிமிஷம். கடைசிக் கட்டம்: சரிசெய்தவர் பெயர். அதில் 'ஜெ' என்று எழுதிவிட்டு, நிமிர்ந்து ஒரு தடவை பார்த்தார்.

செல்லக்கனி பேனாவை வாங்கினார். 'ஜெ'யை அடித்தார். பக்கத்தில் எழுதினார். பேனாவை மூடி வைத்துவிட்டுப் படியிறங்கிப் போய்விட்டார்.

தாமோதரன் எட்டிப் பார்த்தார்.

பழனி முருகன்.