எல்லா விளக்கும் எரியும் வீடு

அந்தக் காலத்தில், நிரல்களும் மனிதர்களும் கூடிப் பேசி வாழ்ந்த நாளில், யூனிக்ஸ் என்னும் இயங்குதளத்தில் ஓடும் கணினி ஒன்று ஓர் ஊராகவே இருந்தது. ஊராருக்குப் பெயர்கள் உண்டு. ஆனால் கணினிக்குப் பெயர் புரியாது, எண்தான் புரியும். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் பதினாறு விளக்குகள். எவை எரிகின்றன, எவை அணைந்திருக்கின்றன என்று பார்த்து, இது இன்னார் என்று அது தெரிந்துகொள்ளும். ஒன்றுமே எரியாத வீடு ஊர்த்தலைவர் பூஜ்ஜியத்தாருடையது.

ஊர் நிறைந்துகொண்டே வந்தது. கடைசியாகக் குடிவந்தவள் மாதங்கி. மிச்சமிருந்தது ஒரே எண், அறுபத்தையாயிரத்து ஐந்நூற்று முப்பத்தைந்து. அவள் வாசலில் பதினாறு விளக்குகளும் எரிந்தன.

"தெருவிலேயே என் வீடுதான் வெளிச்சம்!" என்று பூரித்துப்போனாள்.

அவளுடைய அக்கா குழலி அதே ஊரில் வெகுகாலமாக இருந்தவள். தாலாட்டுகளாகத் தேடிச் சேர்த்து ஒரு பெட்டி நிறைய வைத்திருந்தாள். அவளுக்கு வேறு கணினிக்குக் குடிபோக வேண்டி வந்தது. ஊரை விட்டுப் போகிறவரின் பொருள்களைப் பொழுது சாய்ந்ததும் அழித்துவிடுவது வழக்கம். அதனால் அக்காவும் தங்கையும் கைமாற்றியைத் தேடிப் போனார்கள். ஒருவர் பொருளை இன்னொருவருக்கு உரிமையாக்கித் தரும் நிரல் அது.

"இந்தப் பாட்டெல்லாம் இனி என் தங்கைக்கு" என்றாள் குழலி.

கைமாற்றி மாதங்கியின் விளக்குகளைப் பார்த்தது. "ஆயிற்று" என்றது.

மாதங்கி ஆசையாய்ப் பெட்டியில் கை வைத்தாள். திறக்கவில்லை. மறுபடி கேட்டார்கள். மறுபடியும் "ஆயிற்று" என்றது. பெட்டி அக்காவின் கைக்கு மட்டுமே திறந்தது.

"என்ன விளையாட்டு இது?" என்று குழலி சத்தம் போட்டாள்.

"கோபிக்காதீங்க அம்மா" என்றது கைமாற்றி. "ஒவ்வொரு பொருளுக்கும் உடையவர் ஒருவர், அதைப் பகிர்ந்துகொள்ளும் குழு ஒன்று உண்டு. குழுவை மட்டும் மாற்ற வருகிறவர்கள், உடையவரின் எண்ணைக் கேட்டால் எல்லா விளக்கையும் ஏற்றிக் காட்டுவார்கள். 'உடையவர் பழையவரே, மாற்றாதே' என்று அதற்கு அர்த்தம். இவர் விளக்கும் அதையேதான் சொல்கிறது."

மாதங்கியின் கண் நிறைந்துவிட்டது. "அப்படியானால் எனக்கு யாரும் எதையும் தரவே முடியாதா?"

இருவரும் தலைவரிடம் ஓடினார்கள்.

"அந்தக் குறியை மாற்றினால் ஊரில் பாதி வேலை நின்றுபோகும்" என்றார் பூஜ்ஜியத்தார். "உனக்கு வேறு எண் தரலாமென்றால் ஒன்றுகூடக் காலியில்லையே, தாயி."

குழலி சற்று யோசித்தாள். "நான் போகத்தானே போகிறேன், ஐயா? என் எண்ணை இவளுக்குக் கொடுத்துவிடுங்கள்."

தலைவர் சம்மதித்தார். மாதங்கியின் வாசலில் சில விளக்குகள் அணைந்தன. பெட்டியில் உடையவராகப் பதிந்திருந்ததும் அந்த எண்தான் என்பதால், கைமாற்றிக்கு வேலையே வைக்காமல், பெட்டி இருந்த இடத்திலேயே அவளுடையதாகிவிட்டது. பொழுது சாய அழிக்க வந்த நிரலும், "இந்த எண்ணுக்கு ஆள் இருக்கிறாரே" என்று திரும்பிப் போயிற்று.

மாதங்கி பெட்டியைத் திறந்து ஒரு தாலாட்டைப் பாடிக் காட்டினாள்.

"இரண்டாம் அடியைக் கொஞ்சம் இழுத்துப் பாடுடி" என்று திருத்திவிட்டு, அக்கா நிம்மதியாகப் புறப்பட்டாள்.

அன்றிலிருந்துதான் பதினாறு விளக்கும் எரியும் அந்த எண்ணை எவருக்கும் கொடுப்பதில்லை. பிற்பாடு முப்பத்திரண்டு விளக்கு வைத்த ஊர்கள் எழும்பி, கோடிக்கணக்கானோர் குடியேற இடம் வந்த பிறகும், எல்லா விளக்கும் எரியும் ஒரு வீடு மட்டும் ஆளில்லாமலே இருக்கிறது.