செப்புப் பந்தல்

நெல்லும் தினையும் விளைகிற செங்கோடை நாட்டை வெகுகாலத்துக்கு முன்னே மாறபூபதி என்று ஓர் அரசன் ஆண்டான். வாளுக்கு அஞ்சாதவன், சோற்றுக்கு அஞ்சுவான். அவன் தகப்பனுக்கு யாரோ சாப்பாட்டில் விஷம் வைத்துவிட்டார்கள். அன்று முதல் அரண்மனைக் கொல்லையில் காய்த்ததைத் தவிர வேறு காய் அவன் இலையில் விழக்கூடாது.

அந்தக் கொல்லையைப் பார்த்துக்கொண்டவர்கள் காடப்பனும் அவன் மனைவி பொன்னாச்சியும். அவர்களை வேலைக்கு வைத்தவர் மந்திரி மதிசூடர். புடலையும் பீர்க்கும் ஏறுவதற்குத் தேங்காய் நார்க் கயிற்றில், கை நுழைகிற அளவுக்குக் கண் விட்டு வலை பின்னிப் பந்தலில் கட்டச் சொன்னவரும் அவர்தான். கொடி கயிற்றைப் பற்றி ஏறும். பிஞ்சு கண் வழியாக இறங்கித் தொங்கும். பந்தலடியில் கீரை விதைத்திருந்தார்கள். அரசன் சாப்பிடும்போதெல்லாம் மந்திரியைப் புகழ்வான். பொக்கிஷ அதிகாரி அம்பலத்தரையருக்கு அது பொறுக்கவில்லை.

சித்திரை மாதம் மதிசூடர் எல்லைக் காவலைப் பார்க்கப் போனார். அந்தச் சமயம் பார்த்து அம்பலத்தரையர் அரசனிடம், மாட்டைக் கட்டுகிற கயிற்றிலா அரசருடைய காய் தொங்குவது என்று தூபம் போட்டார். அரசனுக்கும் ஆசை வந்துவிட்டது. நார் வலையை அறுத்தெறிந்துவிட்டு, தடித்த செப்புக் கம்பியில் வலை செய்து மாட்டினார்கள். பார்க்கக் கண் கூசியது. வெயிலில் கம்பி காயும், கொடி தாங்காது என்று காடப்பன் சொல்லிப் பார்த்தான். வாயை மூடு என்றார் அதிகாரி.

சில நாளில் கொடிகள் கருகின. பழி தன் தலையில் விழுமென்று அம்பலத்தரையர் முந்திக்கொண்டார். வேரில் விஷம் ஊற்றியிருக்கிறார்கள், அடுத்தது அரசருடைய இலைதான் என்றார். விஷம் என்ற சொல் காதில் விழுந்ததும் அரசனுக்கு விசாரணை எதுவும் நினைவுக்கு வரவில்லை. காடப்பனை வடக்கு வாசல் புளியமரத்தில் தூக்கிலிட்டார்கள். உடலை இறக்கக்கூடாது என்று உத்தரவு. மறுநாள் உச்சிப்பொழுதில் பொன்னாச்சிக்கும் அதே மரம் என்று தீர்ப்பு.

அந்த மறுநாள் காலையில் திரும்பிய மதிசூடர் மரத்தைப் பார்த்தார். நேரே சபைக்கு வந்தார்.

"அவர்களை வேலைக்கு வைத்தது நீர். உமக்கும் இதில் பங்கு உண்டோ?" என்றான் அரசன்.

வாதாடினால் மரத்தில் மூன்றாவது கயிறும் தொங்கும் என்று மந்திரிக்குத் தெரியும். தலை குனிந்தபடி, "இருந்தால் என்னையும் தூக்கிலிடுங்கள். ஆனால் பெண் பாவம் அரசரைச் சேரக்கூடாது. குற்றம் சொன்னவர் கெட்டுப்போன பொருளைத் தொட்டுச் சத்தியம் செய்யட்டும். பாவம் அவரோடு போகும்" என்றார்.

அரசன் சம்மதித்தான். கோயிலில் வைத்துச் சத்தியம் செய்கிறேன் என்று அம்பலத்தரையர் நழுவப் பார்த்தார். கெட்டது கொல்லையில்தானே இருக்கிறது என்றார் மந்திரி.

உச்சி வெயிலில் எல்லோரும் பந்தலடிக்கு வந்தார்கள். கை கட்டப்பட்ட பொன்னாச்சி யாரையும் பார்க்கவில்லை. அம்பலத்தரையர் மேல்துண்டை உள்ளங்கையில் சுற்றிக்கொண்டு, கருகிய கொடி ஒட்டியிருந்த வலையைத் தொடப் போனார்.

"சத்தியத்துக்கு வெறுங்கை வேண்டும். துண்டு எதற்கு?" என்றார் மதிசூடர்.

"சுடுமே" என்றார் அவர்.

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவருக்கே கேட்டது.

அரசன் முன்னால் வந்து தன் கையை வலைமேல் வைத்தான். வெடுக்கென்று இழுத்துக்கொண்டான். உள்ளங்கையில் கம்பியின் தடம் சிவந்திருந்தது.

"தங்கள் கை ஒரு கணம் தாங்கவில்லை. தளிர் பகலெல்லாம் அதைப் பற்றிக்கொண்டு நின்றது. வேரில் விஷம் என்றால் அந்த வேரடியில் கீரை எப்படிப் பச்சையாக நிற்கும்?" என்றார் மந்திரி.

அரசன் குனிந்து பார்த்தான். கீரை தளதளவென்று நின்றது.

அம்பலத்தரையரின் முத்திரை மோதிரத்தை அங்கேயே கழற்றினார்கள். அந்த வலையை வெறுங்கையால், அதே வெயிலில், அவரே அவிழ்த்து இறக்க வேண்டும். பிறகு நாட்டை விட்டுப் போக வேண்டும் என்று தீர்ப்பாயிற்று. மந்திரிக்கு அரசன் தன் கழுத்து முத்துமாலையைக் கழற்றி நீட்டினான். மதிசூடர் கை நீட்டவில்லை.

"ஒருநாள் பிந்தி வந்தவன் நான். எனக்கு எதற்கு மாலை?" என்றார்.

அரசன் பொன்னாச்சியின் கட்டை அவிழ்க்கச் சொன்னான். நிலம் தருகிறேன், வீடு தருகிறேன், என்ன வேண்டும் கேள் என்றான். அவள் அப்போதுதான் நிமிர்ந்தாள்.

"அவரை இறக்கணும். ஏணி குடுங்க. வேற யாரும் அவரைத் தொட வேண்டாம்."

எல்லோரும் வடக்கு வாசல் புளியமரத்தடிக்குப் போனார்கள். ஏணி வந்தது. அவசரத்தில் கொண்டுவந்த ஏணி. மரத்தடி மேட்டில் நிற்காமல் ஆடியது. பொன்னாச்சி அதிலேயே ஏறினாள். காவலர்கள் அரசன் முகத்தைப் பார்த்தபடி நின்றார்கள்.

மாறபூபதி யாரையும் ஏவவில்லை. தானே போய், சூடுபட்ட கையோடு ஏணியின் அடியைப் பிடித்துக்கொண்டான். அவள் காடப்பனை இறக்கி, தானும் இறங்கி முடிகிறவரை விடவில்லை.