பந்திக்கு அழைத்த பெயர்

தில்லைநாயகம் கல்லூரியில் ஆங்கிலப் பேராசிரியர். மகளோடு பேச்சு நின்றுபோனதிலிருந்து, விடுமுறை என்றால் ஆற்றங்கரை மடமே கதி என்று கிடந்தார். மடத்தின் குரு மங்களாம்பிகை வயதில் அவரைவிட இளையவர். ஆனாலும் அவருக்கு அம்மாதான்.

அன்று பந்திக்கு இலை நறுக்கிக்கொண்டிருந்த அம்மாவிடம் போய் நின்றார்.

"நிச்சயதாம்பூலம் மாத்தின பிறகு மாப்பிள்ளையை வேண்டாம்னு சொன்ன பொண்ணை எப்படி மன்னிக்கிறது அம்மா?"

"யார் வீட்டுப் பொண்ணு?"

"என் பொண்ணுதான். பூங்கோதை. வேண்டாம்னதோட விட்டாளா? தாம்பூலத் தட்டைத் தாய்மாமன் கொண்டுபோய்த் திருப்பிக் கொடுக்கிறதுதான் எங்க வழக்கம். இவளே ஆட்டோ பிடிச்சுப் போய் அந்தப் பையன் கையில கொடுத்துட்டு வந்தா."

"என்ன சொல்லிக் கொடுத்தாளாம்?"

"'பிடிச்ச மாதிரி நடிக்க என்னால முடியல. உங்க முகத்தைப் பார்த்துச் சொல்றதுதான் மரியாதை'ன்னு சொன்னாளாம். மரியாதையாம்!"

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ஒரே சொல். ஜில்ட்."

"அப்படின்னா?"

அவருக்குப் பாடம் நடத்துகிற குரல் வந்துவிட்டது. "ஆசை காட்டிட்டுக் கைவிடுறவள். ஜில்லுங்கிறது அந்தக் காலத்து இங்கிலாந்துல தெருவுக்குத் தெரு பொண்ணுங்களுக்கு வச்ச சாதாரணப் பேரு. நாளாக நாளாகத் துடுக்குக்காரிகளை அந்தப் பேரால ஏசினாங்க. அதுலேருந்து வந்த வசவுன்னு சொல்றாங்க."

"கைவிட்ட ஆம்பளைக்கு?"

தில்லைநாயகம் யோசித்தார். "ஆம்பளை பேருலேருந்து... அப்படி எதுவும் வரலை அம்மா."

"வராது. அதுக்கு மட்டும் பாஷையில பஞ்சம் வந்துடும்." அம்மா அடுத்த இலையை எடுத்தார். "ஏன், தமிழ்ல திட்டியிருக்கலாமே?"

"நாக்கு எழலை."

அம்மா நிமிர்ந்து பார்த்தார். "அவளுக்குப் புரிஞ்சுதா?"

"ஆங்கிலம் சொல்லிக்கொடுத்ததே நான்தானே." அவர் குரல் இறங்கியது. "முன்னெல்லாம் 'பூங்கோதை, சாப்பிட வா'ன்னு நான்தான் கூப்பிடுவேன். இப்ப அவ அம்மா தட்டை அறைக்குள்ள வச்சுட்டு வர்றா. பாதி நாள் அப்படியே திரும்பி வருது."

அம்மா நறுக்கிய இலைகளை அடுக்கி எடுத்துக்கொண்டு எழுந்தார்.

மடத்தில் ஒரு வழக்கம் உண்டு. உச்சிவேளையில் அம்மா வாசற்படியில் நின்று ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி அழைப்பார். அழைக்காமல் யாரும் இலையில் உட்காருவதில்லை.

"மாசிலாமணி, வாங்க. செங்கமலம், வாம்மா. நல்லசிவம், காலைக் கழுவிட்டு வாய்யா!"

ஓர் இலைதான் மிச்சம். முற்றத்தில் தில்லைநாயகம் மட்டும் நின்றார். பசி வயிற்றைக் கிள்ளியது.

அம்மா அவரைப் பார்த்துக் கூப்பிட்டார்: "கைவிட்டவரே, வாங்க!"

பந்தியில் யாரோ களுக்கென்று சிரித்து, சட்டென்று அடக்கிக்கொண்டார்கள்.

தில்லைநாயகம் நகரவில்லை.

"உங்களைத்தான். சோறு ஆறுது."

"அது என் பேரு இல்லை அம்மா." கண் கலங்கிவிட்டது அவருக்கு. "எனக்குன்னு ஒரு பேரு இருக்கு."

அம்மா படியிறங்கி வந்தார். அவர் தோளில் கிடந்த துண்டைச் சரிசெய்தார்.

"ஜில்லுக்கும் இருந்துது, வாத்தியாரே. அவளையும் யாரோ அந்தப் பேரைச் சொல்லித்தான் சாப்பிடக் கூப்பிட்டிருப்பாங்க. உங்க இலை இங்கேயே இருக்கும். வீட்டுல ஒரு தட்டு ஆறிக்கிட்டு இருக்கு, பாருங்க."