ஆற்றைப் பார்த்துவிட்டு வந்தவர்

நீலகிரி மேட்டில் பிலோமினா என்றொரு பெண் டிரவுட் மீன் பிடிக்கக் கற்றுக்கொடுத்து வந்தாள். பிடித்த மீனைத் திரும்ப ஆற்றில் விட்டுவிட வேண்டும் என்பது அவளுடைய நிபந்தனை. அவளிடம் கற்றவர்களில் நாச்சிமுத்து வயதில் மூத்தவர். கோவையில் நூற்பாலை நடத்தி ஓய்ந்தவர்.

சித்திரை வெயிலில், ஒரு மதியம், தூண்டிலோடு மலையேறி வந்தார். பிலோமினா ஆற்றில் கையை வைத்துப் பார்த்துவிட்டு எழுந்தாள்.

“இன்னிக்கு வேண்டாம், சார்.”

“போன வாரமும் இதையேதான் சொன்னீங்க.”

“போன வாரமும் ஆறு இப்படித்தான் இருந்துச்சு.”

நாச்சிமுத்துவுக்கு முகம் சிவந்தது.

“இதென்னங்க டீச்சர் அநியாயம்! இறங்கறதுக்கு முன்னால ஆத்தைப் பாருங்கன்னு சொல்லிக்கொடுத்ததே நீங்கதானுங்க. பார்த்துட்டேன். தண்ணி முழங்காலுக்கு மேல இல்லை. இழுப்பு இல்லை. கலங்கல் இல்லை. மேல மழையும் இல்லை. இன்னும் என்னதான் வேணும்?”

“கையை வச்சுப் பாருங்க.”

வைத்தார். “இதமா இருக்குது.”

“டிரவுட்டுக்குக் குளிர்ந்த தண்ணி வேணும், சார். இந்தச் சூட்டுல ஓடிக் களைச்சா அதுக்கு மூச்சு திரும்பாது.”

“நான்தான் பிடிச்சதும் விட்டுடறேனுங்களே! இத்தனை தூரம் வந்தவனைத் திருப்பி அனுப்பறதே உங்களுக்கு வேலையாப் போச்சு!”

அவள் குறுக்கே வந்து நின்றாள். அவர் விலகி நடந்து ஆற்றில் இறங்கினார்.

தூண்டில் முள்ளில் இறகால் கட்டிய பொய்ப்பூச்சி நீரில் விழுந்ததும் ஒரு மீன் கவ்வியது. நல்ல மீன். நெடுநேரம் ஓடியது, துள்ளியது. கடைசியில் கைக்கு வந்தது. நாச்சிமுத்து கையை நனைத்துக்கொண்டு, நோகாமல் முள்ளை எடுத்து, மீனை நீரில் விட்டார்.

அது போகவில்லை. மெல்லச் சாய்ந்து வயிறு மேலே தெரிய மிதந்தது.

நிமிர்த்திப் பிடித்தார். மறுபடியும் சாய்ந்தது. “போ, போயிடு” என்று அதை நீரோட்டத்தை நோக்கித் தள்ளினார். செவுள் இரண்டு முறை திறந்து மூடி, நின்றது.

மீனோடு கரைக்கு வந்தார். குரலில் கோபம் இன்னும் அடங்கவில்லை.

“நீங்க சொல்லிக்கொடுத்தபடிதானுங்க விட்டேன்! ஒரு காயம் இருக்குதா, பாருங்க! ஆத்துல எதைத்தான் நான் பார்க்காம விட்டேன்?”

பிலோமினா மீனை வாங்கிக்கொண்டாள்.

“நீங்க பார்த்ததெல்லாம் நீங்க இறங்கறதுக்கு, சார். இந்த மீன் உள்ளேதானே இருந்துச்சு.”