வாய் நிறைய மண்

பறவைகளுக்குப் பேச்சு இருந்த அந்தக் காலத்தில், ஒரு வண்டிப்பாதைக்கு இந்தப் பக்கம் பனைநாடும் அந்தப் பக்கம் மண்டபநாடும் இருந்தன. வண்டிப்பாதை என்றதும் பெரிதாக எண்ணிவிட வேண்டாம். ஒரு மாட்டுவண்டி வந்தால் எதிரே வருகிற ஆடு ஒதுங்கி நிற்க வேண்டும், அவ்வளவுதான் அகலம். ஒரு குருவி நான்கைந்து முறை சிறகடித்தால் கடந்துவிடும். ஆனால் நாடு என்று பேர் வைத்துவிட்டால் பிறகு நாடுதான்.

பனைநாட்டில் தூக்கணாங்குருவிகள் வாழ்ந்தன. அங்கே பனை உண்டு, கோரை உண்டு, கிழிக்கக் கிழிக்க நார் உண்டு. மண்தான் கிடையாது. எங்கே கொத்தினாலும் பொலபொலவென்று மணல். மண்டபநாட்டில் தகைவிலான் என்ற மண்கூட்டுக் குருவிகள் வாழ்ந்தன. ஏரிக்கரையில் பாதி இடிந்து நின்ற ஒரு மண்டபத்தின் உத்தரங்களுக்கு அடியில் அவற்றின் வீடுகள். ஏரிக் களிமண் வேண்டிய மட்டும் இருந்தது. நார் என்று சொல்லிக்கொள்ள ஒரு துரும்பு இல்லை.

தூக்கணாங்குருவியின் கூடு நாரால் பின்னியது. காற்றில் அது தலைகீழாகச் சுழலாமல் இருக்க உள்ளே ஈரமண்ணை அப்பிக் கனம் சேர்க்க வேண்டும். தகைவிலானின் கூடோ மண்ணால் ஆனது. காய்ந்ததும் வெடிக்காமல் இருக்க அதில் நார் கலக்க வேண்டும். ஆகவே தினமும் விடிந்ததும் பாதையோரத்து எல்லைக்கல்லின் மேல் இவர்கள் நாரை வைப்பார்கள், அவர்கள் மண்ணுருண்டையை வைப்பார்கள். ஒரு நாருக்கு ஓர் உருண்டை. பேரம் கிடையாது. பேச்சு மட்டும் உண்டு. மாமியார், மழை, பூனை என்று வெயில் ஏறும் வரை ஓயாத பேச்சு.

இது இப்படியே போயிருக்கலாம். போகவில்லை.

மண்டபநாட்டு ராஜா வீட்டில் ஒரு கல்யாணம். பனைநாட்டுத் தூதருக்கு முன்வரிசையில் இடம் போட்டிருந்தார்கள். மேலே உத்தரத்தில் ஒரு கூடு இருந்ததை யாரும் கவனிக்கவில்லை. அந்தக் கூட்டிலிருந்த குஞ்சுக்கு ராஜதந்திரம் தெரியாது. அது எச்சமிட்டது. பளபளவென்று மஞ்சள் பூத்திருந்த தூதரின் தலையில், நட்டநடுவே, அது விழுந்தது.

தலையைத் துடைத்துக்கொண்டு பந்திக்குப் போயிருந்தால் விஷயம் முடிந்திருக்கும். தூதர் துடைக்கவில்லை. "சாட்சி இருக்கட்டும்" என்று அப்படியே பறந்து வந்து, அது காய்ந்து உதிரும் வரை பனைபனையாகப் போய்த் தலையைக் காட்டினார். பனைநாட்டு ராஜசபை கூடியது. இனி மண்டபநாட்டுக்கு ஒரு நார்கூடப் போகக் கூடாது என்று உத்தரவு பிறந்தது. அதைக் கேட்ட மண்டபநாட்டு சபை, இனி பனைநாட்டுக்கு ஒரு பொட்டு மண்கூடப் போகாது என்றது. 'பத்து நாளில் மண்டியிடுவார்கள்' என்று இந்தப் பக்கம் சொன்னார்கள். அந்தப் பக்கமும் அதையேதான் சொன்னார்கள்.

இவ்வளவு பகைக்கு நடுவே இரண்டு நாடுகளும் ஒன்றாகச் சேர்ந்து ஒரு காரியம் செய்தன. எல்லையைக் காக்க ஓர் ஆள்காட்டிக் குருவியை வேலைக்கு வைத்தன. அது இரண்டு பக்கமும் புழு வாங்கிக்கொண்டு பாதை நடுவே நெட்டைக் கால்களில் நின்றது. அதற்குக் கொடுத்த உத்தரவு மூன்று படி கொண்டது. வருகிறவரை முதலில் பேர் கேட்க வேண்டும். பேர் சொன்னபின் என்ன பொருள் என்று கேட்க வேண்டும். பொருள் என்னவென்று சொன்னபின் தடுக்க வேண்டும். படி மாறக் கூடாது. இதை எழுதிய இரண்டு மந்திரிகளும் ஒருவரை ஒருவர் பார்க்கவே மாட்டோம் என்று முதுகோடு முதுகு ஒட்டி உட்கார்ந்து எழுதினார்கள்.

கீற்றன் என்ற தூக்கணாங்குருவிக்கு இதெல்லாம் முதலில் வேடிக்கையாகத்தான் இருந்தது. அந்தப் பனங்காட்டில் அவனைப்போல் நார் கிழிப்பவன் இல்லை. அவனைப்போல் பேசுபவனும் இல்லை. அந்தப் பேச்சைக் கேட்டுத்தான் சம்பங்கி என்ற பெட்டைக் குருவி அவன் கட்டிக்கொண்டிருந்த பாதிக் கூட்டைப் பார்க்க வந்தாள். குடத்தைக் கவிழ்த்தாற்போல் தொங்கிய கூட்டின் குறுக்கு நார்க்கம்பியில் உட்கார்ந்து ஆடிப் பார்த்தாள். காற்று வந்தது. கூடு ஒரு சுற்றுச் சுற்றி நின்றது.

"என்னய்யா இது, ராட்டினமா?"

"கொஞ்சம் பொறு. மண் வரட்டும்."

"எங்கே மண்?"

"தடை போட்டிருக்காங்க."

"அப்போ தடையை அப்பு. அது முட்டையைத் தாங்குதான்னு பார்ப்போம்."

கீற்றன் சிரித்து மழுப்பினான். சம்பங்கி சிரிக்கவில்லை. "போன வருஷம் எங்க அக்கா மண் சரியா அப்பாத கூட்டுலேருந்து மூணு முட்டையும் கீழே கிணத்துல விழறதைப் பார்த்துக்கிட்டு இருந்தா. நான் பார்க்க மாட்டேன். ஆடிக் காத்து கிளம்புறதுக்குள்ளே மண் அப்பினா கூப்பிடு. இல்லேன்னா எனக்கு இந்த வருஷம் முட்டையும் இல்லை, நீயும் இல்லை." அவள் போய்விட்டாள்.

பனங்காடு முழுக்க அதே கதை. எந்த மட்டையைப் பார்த்தாலும் பாதியில் நின்ற கூடுகள். சபை சும்மா இருக்கவில்லை. "நம் மணலையே எச்சிலில் குழைத்தால் மண்தான், நாட்டுப்பற்று இருந்தால் ஒட்டும்" என்று அறிவித்தது. நாட்டுப்பற்று எவ்வளவு இருந்தும் மணல் ஒட்டவில்லை. அதற்குள் காக்கை ஒன்று கடை திறந்தது. காக்கைக்கு எந்த நாட்டோடும் சண்டை இல்லை. மண்டபநாட்டு மண்ணை வாங்கி, மலையைச் சுற்றிக்கொண்டு போய்த் தன் பாறையில் இறக்கி, 'பாறைமண்' என்று பேர் வைத்து, பனைநாட்டுக்குக் கொண்டுவந்தது. பக்கத்து வீட்டுப் பொருள் ஊரைச் சுற்றி வந்தது. ஓர் உருண்டைக்கு ஒரு நார் போய், ஓர் உருண்டைக்கு ஒரு முழு வெட்டுக்கிளி ஆயிற்று. கீற்றன் அதையும் கொடுத்து வாங்கினான். சுற்றி வந்த வெயிலில் மண் காய்ந்து பொடியாகி இருந்தது.

"அண்ணே, இது தூசி."

"நான் கொடுக்கிறப்போ மண்தான். வழியில காஞ்சா நான் என்ன பண்ணுவேன்? உங்க ராஜாகிட்ட சொல்லி மலையைக் கொஞ்சம் நகர்த்தச் சொல்லு" என்றது காக்கை, வெட்டுக்கிளியை விழுங்கிக்கொண்டே.

கீற்றன் சபைக்குப் போனான். மந்திரி ஓர் உயரமான மட்டையில் உட்கார்ந்திருந்தார். பின்னால் அவருடைய கூடு, எந்தக் காற்றுக்கும் அசையாமல், கனமாகத் தொங்கியது. அதன் உள்சுவரில் ஈரமண் பளபளத்தது. கீற்றன் அதைப் பார்த்தான். மந்திரி அவன் பார்ப்பதைப் பார்த்துவிட்டு வாசலை மறைத்து உட்கார்ந்தார்.

"ஐயா, கூடெல்லாம் பாதியில நிக்குது."

"தெரியும். அவர்கள் பக்கம் கூடுகள் வெடித்து விழுகின்றன. வெற்றி நமக்குத்தான்."

"நம்ம பக்கமும் விழுதுங்களே?"

"அவர்களுக்கு அதிகமாக விழுகிறது."

"எண்ணிப் பார்த்தீங்களா?"

"எண்ணிப் பார்ப்பது எதிரிக்கு உதவுவது" என்றார் மந்திரி.

இதற்கு மேல் என்ன பேச? கீற்றன் நேரே எல்லைக்கு வந்தான். மேற்கே பனைமட்டைகள் சலசலக்கத் தொடங்கியிருந்தன. எல்லைக்கல்லுக்கு அந்தப் பக்கம் ஒரு கருவேல முள்ளில் மண்ணாத்தி உட்கார்ந்திருந்தாள். வருஷக்கணக்காக அவனோடு நார் மாற்றிய தகைவிலான் அவள். சிறகெல்லாம் புழுதியாக இருந்தது.

"என்னக்கா, இப்படி இளைச்சுட்டே?"

"உத்தரத்துல ஒட்டினது நேத்து ரெண்டாப் பிளந்துடுச்சு தம்பி. நல்லவேளை, முட்டை வைக்கலை. இன்னிக்கு மறுபடி கட்டணும். நாரில்லாம கட்டினா மறுபடி பிளக்கும். பிளந்தா மறுபடி கட்டணும். இதான் இப்போ எங்க நாட்டுல தொழில்."

"சிலந்தி நூலைக் கலந்து பார்த்தியா?"

"எங்க சபையும் அதைத்தான் சொல்லுது. சிலந்தியைக் கேட்டியான்னு கேட்டா பதில் இல்லை."

இருவரும் சிரித்தார்கள். சிரிப்பு சீக்கிரம் முடிந்துவிட்டது. "காத்து வந்துடுச்சு" என்றான் கீற்றன். "ஆமா" என்றாள் மண்ணாத்தி. பிறகு அவள் ஏரிக்குப் பறந்தாள். மறுபடி கட்டத்தானே வேண்டும். வாய் நிறையக் களிமண் எடுத்தாள். மண்டபத்துக்குத் திரும்ப வேண்டியவள், இத்தனை வருஷப் பழக்கத்தில், யோசனையே இல்லாமல் எல்லைக்கல்லுக்கு வந்துவிட்டாள். வந்தபின்தான் அவளுக்கே உறைத்தது.

ஆள்காட்டி ஓடி வந்தது. "யாரு? யாரு? பேரைச் சொல்லு!"

மண்ணாத்தி வாயைத் திறந்தால் மண் விழுந்துவிடும். துப்பவும் மனசு வரவில்லை. சும்மா இருந்தாள்.

"யாரு? யாரு? யாரு?"

கீற்றன் பொறுக்க மாட்டாமல், "அவ வாயில என்னன்னு பார்த்தாலே தெரியுதே, என்னதான் பண்ணப்போறே?" என்றான்.

"நான் என்ன பண்ணட்டும்?" ஆள்காட்டி கிட்டத்தட்ட அழுதது. "பேர் தெரிஞ்சாத்தான் பொருளைக் கேட்கலாம். பொருளைச் சொன்னாத்தான் தடுக்கலாம். படி மாறினா ரெண்டு பக்கமும் புழுவை நிறுத்திடுவாங்க. இவ முதல் கேள்வியிலேயே நிக்குறாளே! யாரு? யாரு?"

கீற்றன் மண்ணாத்தியைப் பார்த்தான். மண்ணாத்தி கீற்றனைப் பார்த்தாள். பிறகு நான்கைந்து முறை சிறகடித்தாள். பாதை முடிந்தது. பனங்காட்டுக்குள் போனாள். பின்னால் ஆள்காட்டி கத்திக்கொண்டே இருந்தது. உத்தரவில் கத்துவதற்குத் தடை இல்லை.

அவள் கீற்றனின் பாதிக் கூட்டில் மண்ணை அப்பினாள். வாய் காலியானதும் மெல்லச் சொன்னாள்: "திரும்பிப் போறப்போ நாரைக் கவ்விக்கிட்டுத்தான் போவேன். அப்பவும் கேட்கும். பதில் சொல்லக் கூடாது தம்பி. நீயும் சொல்லக் கூடாது. இங்கே யார் வந்து கேட்டாலும் சொல்லக் கூடாது. ஒரு வார்த்தை வாயிலிருந்து வந்தா அதைப் பிடிச்சுக்கிட்டு பேர் கேட்பாங்க, பேரைப் பிடிச்சுக்கிட்டு மண்ணைக் கேட்பாங்க."

"எத்தனை நாளைக்கு?"

"தடை இருக்கிற வரைக்கும்."

கீற்றனுக்கு அது லேசான காரியம் இல்லை. பேச்சால் பெட்டையைக் கூப்பிட்டவன் அவன். கூட்டைப் பார்த்தான், ஒரு பக்கம் மண், ஒரு பக்கம் வெற்று நார், காற்றில் கோணலாகத் திரும்பியது. "சம்பங்கியைக் கூப்பிட்டுட்டு நிறுத்திக்கிறேன்" என்றான். "சீக்கிரம் கூப்பிடு" என்றாள் மண்ணாத்தி, நாரைக் கவ்வுமுன்.

சம்பங்கி வந்தாள். குறுக்குக் கம்பியில் உட்கார்ந்தாள். அதற்குள் இன்னும் சில உருண்டைகள் வந்து சேர்ந்திருந்தன. காற்று வந்தது. கூடு ஆடியது, சுழலவில்லை. "எப்படிய்யா கிடைச்சுது?" என்று கேட்டாள். கீற்றன் அவளைப் பார்த்துக்கொண்டே சும்மா இருந்தான். அவன் சும்மா இருந்து அவள் பார்த்ததே இல்லை. அவன் அலகோரத்து ஈரமண்ணைப் பார்த்தாள், கிழக்கே ஆள்காட்டி கத்துவதைக் கேட்டாள், புரிந்துகொண்டாள். அதன்பின் அவளும் கேட்கவில்லை.

அடுத்த நாள், இதைப் பார்த்திருந்த பத்துக் குருவிகள் வாய் நிறையச் சுமந்துகொண்டு எல்லையைக் கடந்தன. அதற்கடுத்த நாள் காடே கடந்தது. சபையிலிருந்து ஆட்கள் வந்து, "இந்த மண் எங்கிருந்து வந்தது? உன் பேர் என்ன?" என்று கூடுகூடாகக் கேட்டார்கள். எல்லாரும் கீச் என்றார்கள், சிட் என்றார்கள். மந்திரியும் தம் கூட்டு மண்ணைப் பற்றி யாராவது கேட்டுவிடுவார்களோ என்று சிட் என்றார். இரண்டு ராஜாக்களும், எதிரி என்ன ரகசியம் பேசாமல் இருக்கிறானோ என்று பயந்து, தாங்களும் வாயை மூடிக்கொண்டார்கள்.

ஆடி வந்தது. பனைமட்டைகள் முறிந்து விழுகிற காற்று. சம்பங்கியின் முட்டைகள் ஒன்றுகூட விழவில்லை. மண்டபத்தில் மண்ணாத்தியின் கூடு வெடிக்கவில்லை. இரண்டு பக்கமும் குஞ்சுகள் பொரிந்தன. ஆனால் கண் திறந்த அந்தக் குஞ்சுகள் ஒரு வார்த்தைகூடக் கேட்காமல் வளர்ந்தன. கீற்றனுக்குச் சொல்ல எவ்வளவோ இருந்தது. குஞ்சின் முகத்தருகே குனிவான், அலகைத் திறப்பான், அப்புறம் பூச்சியை மட்டும் ஊட்டிவிட்டு நகர்வான். அடுத்த வருஷம் அந்தக் குஞ்சுகளே கூடு கட்டின. அவற்றுக்கு மண் அப்பத் தெரிந்தது, எல்லை தாண்டத் தெரிந்தது. பேசத் தெரியவில்லை.

தடை இன்னும் நீங்கவில்லை. நீக்குவதாக இருந்தால் யாராவது ஒருவர் முதலில் பேச வேண்டும்.

இன்றைக்கும் தூக்கணாங்குருவியின் கூட்டைப் பிரித்தால் உள்ளே காய்ந்த மண் அப்பியிருக்கும். தகைவிலானின் மண்கூட்டை உடைத்தால் உள்ளே நார் நீட்டிக்கொண்டிருக்கும். வாய் நிறையச் சுமந்தபடி அவை வாய் திறவாமல் போய்வந்துகொண்டிருக்க, புழு கொடுக்க யாரும் இல்லாத வெட்டவெளியில் நெட்டைக் காலில் நின்றுகொண்டு, மாடு வந்தாலும் மனிதன் வந்தாலும், "யாரு? யாரு?" என்று ஆள்காட்டி தன் முதல் கேள்வியிலேயே நின்று கத்துவதும் அன்று முதல்தான்.