மேடை மேல் தொட்டி

இந்தக் கதையைப் பல வருடங்களாக நான் நம்பவில்லை.

சொல்பவர் ஞானதேசிகர். கரட்டுச் சாமியின் சீடர். சாமி மறைந்த பிறகு மடத்துக்குத் தலைவர். ஒவ்வொரு குருபூஜைக்கும் இதைச் சொல்வார். கேட்பவர்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். எனக்குக் கோபம்தான் வரும். யார் மேல் என்று தெரியாது.

கதை இதுதான்.

மடத்தின் பின்புறம் தெருவில் ஒரு குப்பைத்தொட்டி. அன்னதானத்து எச்சில் இலைகளை நாயும் மாடும் இழுத்துப் போட்டன. காலில் பட்டால் தீட்டு என்று பக்தர்கள் முகம் சுளித்தார்கள். ஞானதேசிகர் சிமெண்டில் மேடை கட்டி, தொட்டியைத் தூக்கி மேலே வைத்தார். சமையலறை ஜன்னல் வழியே அப்படியே கொட்டிவிடலாம். உள்ளே இருப்பவர்களுக்கு வெகு வசதி.

தெருவில் நின்று குப்பையை வண்டியில் அள்ளுபவள் பொம்மக்கா. அறுபதை நெருங்கியவள். தொட்டியின் விளிம்பு அவள் தலைக்கு மேலே இருந்தது. கையை உயர்த்தி, உள்ளே விட்டு, இழுக்க வேண்டும். சாம்பாரும் மோரும் முழங்கை வழியாக அக்குளுக்குள் இறங்கும்.

ஒரு காலை அவள் நேராகச் சாமியின் முன்னால் வந்து நின்றாள்.

"ஏனுங்க சாமி, சோத்துக்கை மேல எந்திரிக்க மாட்டேங்குது. தலை சீவ முடியறதில்ல. வண்டி நெறையலீன்னா நாளைக்கு வர வேண்டாங்கறான் மேஸ்திரி. நான் என்ன பண்ணட்டும்?"

சாமி வாய் திறக்குமுன் ஞானதேசிகர் முந்திக்கொண்டார்.

"முன் ஜென்மத்து வினைம்மா. பொறுத்துக்க. கழிஞ்சு போகும்."

"முன் ஜென்மத்தை நான் என்னத்தைக் கண்டனுங்க? நீங்க மேடை கட்டற வரைக்கும் கை நல்லாத்தான் இருந்துச்சு."

சாமி சிரிக்கவில்லை.

"பொம்மக்கா, மத்தியானம் வரைக்கும் இரு. இவன் சாப்பிடறதைப் பார்த்துட்டுப் போ."

மத்தியானம் ஞானதேசிகரின் இலையை அலமாரி உச்சியில் போடச் சொன்னார் சாமி. சோறும் ரசமும் அங்கேயே பரிமாறப்பட்டன.

"நின்னுக்கிட்டு சாப்பிடு. இலையைக் கீழே இறக்காதே."

ஞானதேசிகர் கையை உயர்த்தித் துழாவினார். ரசம் முழங்கையில் ஓடியது.

"சாமி, தோள் கடுக்குது."

"எந்த ஜென்மத்து வினை?"

ஞானதேசிகர் மறு கையால் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"வாயைத் திறடா. எந்த ஜென்மத்து வினை?"

"அலமாரி உசரமா இருக்கு, சாமி."

பொம்மக்கா மெல்லக் கேட்டாள்: "மோர் ஊத்தச் சொல்லட்டுங்களா?"

ஞானதேசிகர் சாமியின் காலில் விழுந்தார்.

"என் கால்ல எதுக்குடா விழறே?" என்று சாமி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

இங்கே ஞானதேசிகர் எப்போதும் சற்று நிறுத்துவார். பிறகு, தழுதழுத்த குரலில், "அந்த நிமிஷம் எனக்கு எல்லாம் விளங்கிடுச்சு" என்பார். கூட்டம் கைகூப்பும்.

அலமாரி மேல் இலை போடுவார்களா, ஒரு சாமியார் இப்படிக் கோபப்படுவாரா என்றெல்லாம் சந்தேகப்பட்டேன். தவறான இடத்தில் சந்தேகப்பட்டேனோ என்னவோ.

இந்த வருடம் கதை முடிந்து, பந்தியும் முடிந்தது. கை கழுவச் சமையலறைப் பக்கம் போனேன். ஜன்னல் திறந்திருந்தது. ஜன்னலுக்குக் கீழே, அதே சிமெண்ட் மேடை மேல், இலைகள் குவிந்த தொட்டிக்குள் தெருப்பக்கத்திலிருந்து இரண்டு கைகள் துழாவிக்கொண்டிருந்தன. தோல் சுருங்கிய கைகள். ஒன்று விளிம்பைத் தாண்டி அதிகம் எழவில்லை. ஆளின் முகம் தெரியவில்லை.

ஈரக் கையோடு திரும்பி வந்தேன். ஞானதேசிகர் தாம்பூலம் கொடுத்துக்கொண்டிருந்தார். என் முறை வந்தது. நான் வாங்கவில்லை.

"சாமி, ஒண்ணே ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க."

"அடுத்த நாள் காலையில பொம்மக்கா வந்தப்ப, தொட்டி எங்கே இருந்துச்சு?"